மரபுத்தொடர் தெரியாத பிள்ளை உண்டா?

தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியத் தோழர்களுக்கு,

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வெகுநாளாக மனத்தில் கிடக்கும் ஒன்றை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன். தாத்தா இறந்து, நெய்ப்பந்தம் பிடித்து, காரியம் எல்லாம் முடிந்து இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கு வந்தான். காலையில் நுழைந்ததும் என் மேசை அருகே வந்து, "எங்க தாத்தா தவறிட்டாங்க டீச்சர், அதான் வரல" என்றான். தலையைத் தடவி உட்காரச் சொன்னேன். அன்று மதியம் பள்ளியைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர். பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தார். வருகைப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று அவனைக் கேட்டார். பையன் எழுந்தான், கையைக் கட்டிக்கொண்டான், திக்காமல் திணறாமல் சொன்னான்: "சார், மை கிராண்ட்ஃபாதர் கிக்டு தி பக்கெட்."

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. அதிகாரியின் முகம் மட்டும் மாறியது. ஒன்றும் சொல்லாமல் அவன் தோளைத் தட்டினார். பிறகு சுவரைப் பார்த்தார். சுவரில் என் கையெழுத்தில் ஒரு சார்ட் தொங்கிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் இருபது ஆங்கில மரபுத்தொடர்கள், வலப்பக்கம் தமிழில் பொருள். அதில் ஏழாவது வரி: கிக் தி பக்கெட் – இறந்துபோதல்.

நான் எழுதிய பொருளில் தப்பு இல்லை. எந்த அகராதியும் அப்படித்தான் சொல்லும். ஆனால் அந்தத் தொடருக்குத் தமிழில் சரியான இணை "மண்டையைப் போட்டுட்டான்" என்பது. பத்து வயதுப் பையன் தன் தாத்தாவைப் பற்றி, அதுவும் ஓர் அதிகாரி முன்னால், தமிழில் அப்படிச் சொல்லியிருப்பானா? காலையில் என்னிடம் அவன் என்ன சொன்னான் என்று திரும்பிப் பாருங்கள். "தவறிட்டாங்க" என்றான். அதுவும் ஒரு மரபுத்தொடர்தான். தாத்தா கால் தவறி விழுந்தார் என்றோ வழி தவறினார் என்றோ அதற்குப் பொருள் இல்லை. துக்கத்தையும் மரியாதையையும் ஒரே சொல்லில் வைத்து, சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்ல வேண்டிய விதத்தில் சொன்னான். யாரும் அவனுக்குச் சார்ட் எழுதித் தொங்கவிடவில்லை. அந்தத் "தவறிட்டாங்க"வுக்கு ஆங்கிலத்தில் "பாஸ்டு அவே" என்று அருமையான இணை இருக்கிறது. காலையில் அவன் வந்து நின்றபோதே அதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். என் சார்ட்டில் அது இல்லை. ஏன் இல்லை என்று இப்போது தெரிகிறது. வாளியும் உதையும் கண்ணைக் கவரும், வகுப்பைச் சிரிக்க வைக்கும். "பாஸ்டு அவே"யில் அந்த வேடிக்கை கிடையாது.

அன்று சாயங்காலம் சார்ட்டைக் கழற்றிவிட்டேன்.

தோழர்களே, நான் சொல்ல வருவது ஒன்றுதான். நம் வகுப்புக்கு வருகிற பிள்ளைக்கு மரபுத்தொடர் புதிது கிடையாது. வீட்டிலும் தெருவிலும் நாளெல்லாம் அதில்தான் புழங்குகிறது. எப்போது நேர்ப்பொருள், எப்போது மறைபொருள், யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொன்னால் அடி விழும் எல்லாம் அதற்கு அத்துப்படி. ஆங்கில மரபுத்தொடரை அந்த அறிவின் மேல் கட்டாமல், ஒன்றும் தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அங்கேதான் பிழை.

சந்தேகம் இருந்தால் நான் செய்ததைச் செய்து பாருங்கள். மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் கரும்பலகையில் இரண்டு வாக்கியம் எழுதினேன். "ஞாயித்துக்கிழமை எங்க மாமா பொண்ணுக்குக் காது குத்துறாங்க." அதன் கீழே, "யாருக்குடா காது குத்துற?" இரண்டும் ஒன்றா என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. முதலாவதற்குப் பத்திரிகை அடிப்பார்கள், கறிச்சோறு போடுவார்கள், தாய்மாமன் மடியில் உட்கார வைப்பார்கள் என்று ஒரு சிறுமி அடுக்கினாள். "ரெண்டாவது?" என்றேன். "அது ஏமாத்துறதுக்கு டீச்சர்." விடாமல், "ஏமாத்துறதுக்கு எதுக்குக் காது குத்துறதுன்னு சொல்றாங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான். "சின்னப் புள்ளைக்கு முட்டாய் குடுத்து ஏமாத்தித்தான டீச்சர் காது குத்துவாங்க?"

இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த அகராதியிலும் பார்த்ததில்லை.

அதன் பிறகு அவர்களைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. அல்வா கொடுக்கிறது, தண்ணி காட்டுறது, கம்பி நீட்டுறது, டிமிக்கி கொடுக்கிறது, வயித்துல புளியக் கரைக்கிறது, வாயைக் குடுத்து மாட்டிக்கிறது என்று பலகை நிறைந்துவிட்டது. எட்டு வயதுப் பிள்ளைகள். "கம்பிய நீட்டிட்டான்னு சொல்றோமே, கம்பிய மடக்கிட்டான்னு சொல்லலாமா?" என்று கேட்டேன். கூடவே கூடாது என்றார்கள். மரபுத்தொடரில் சொல்லை மாற்றக் கூடாது என்ற இலக்கணத்தை நான் நடத்தவே வேண்டியிருக்கவில்லை. ஆங்கிலத்தில் "பீஸ் ஆஃப் கேக்" என்றால் மிக எளிது என்று பொருள், "ஸ்லைஸ் ஆஃப் கேக்" என்றால் வெறும் தின்பண்டம் என்று சொன்னபோது, யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கம்பியை மடக்க முடியாதென்றால் கேக்கையும் மாற்ற முடியாது.

மரியாதை விஷயமும் அப்படியே. நன்னூலில் பவணந்தியார் தகுதி வழக்கு என்று ஒன்றைச் சொல்லி, அதை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாகப் பிரிக்கிறார். செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பது மங்கலம். அந்த இலக்கணப் பெயர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாது. ஆனால் பாட்டி இறந்த வீட்டில் எந்தச் சொல்லை எடுக்க வேண்டும் என்று தெரியும். ஆங்கிலத் தொடர் ஒவ்வொன்றையும் சொல்லிக் கொடுக்கும்போது, "இதை ஃபிரண்டுகிட்ட மட்டும் சொல்லலாமா, ஹெட்மாஸ்டர்கிட்டயும் சொல்லலாமா?" என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும். பொருளைச் சொல்லிவிட்டு இந்தக் கேள்வியை விட்டுவிடுகிற பாடம் அரைப் பாடம். அந்த அரைப் பாடம் என்ன செய்யும் என்பதை என் வகுப்பில் பார்த்தேன்.

இந்தப் பட்டியல் பழக்கத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பரமார்த்த குருவின் சீடர்கள் ஞாபகம் வருவார்கள். இத்தாலியிலிருந்து வந்து தமிழில் கரைகண்ட வீரமாமுனிவர் எழுதிய கதை. குதிரையிலிருந்து எது விழுந்தாலும் எடுக்க வேண்டும் என்று குரு சொன்னதும் சாணத்தையும் எடுத்து வைக்கிறார்கள். சரி, எதை எதை எடுக்க வேண்டும் என்று ஓலையில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். கடைசியில் குருவே குதிரையிலிருந்து பள்ளத்தில் விழுகிறார். ஓலையில் குருவின் பெயர் இல்லை, அதனால் அவரைத் தூக்காமல் நிற்கிறார்கள். சொல்லைச் சொல்லாகவே பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்ப் பிள்ளைகளிடம் சொல்ல இதைவிடச் சிறந்த கதை இல்லை. ஆங்கிலத்தில் இதே வேலையைச் செய்கிற ஒரு புத்தக வரிசை உண்டு. 1963இல் அமெரிக்காவில் பெக்கி பாரிஷ் என்பவர் அமீலியா பெடீலியா என்ற பணிப்பெண்ணைப் படைத்தார். நியூயார்க்கில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தவர் அவர். "டிரஸ் தி சிக்கன்" என்று எழுதி வைத்துவிட்டுப் போனால், சமையலுக்குக் கோழியைச் சுத்தம் செய்யாமல் அதற்குச் சட்டை போட்டு வைப்பாள் அமீலியா. விளக்கை அணைக்கச் சொன்னால் பல்புகளைக் கழற்றி வெளியே கொடியில் தொங்கவிடுவாள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் தங்கள் தாய்மொழியின் மரபுத்தொடர் ஒரு பருவத்தில் புதிராகத்தான் இருக்கிறது, அதைச் சிரித்துக் கடக்கிறார்கள். குருவின் கதையை முதலில் தமிழில் சொல்லிவிட்டு அமீலியாவின் ஒரு பக்கத்தை ஆங்கிலத்தில் படித்துக் காட்டினேன். கோழிச் சட்டையைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

சரி, எதைச் சொல்லிக் கொடுப்பது? ஆங்கிலத்தில் மரபுத்தொடர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. தொடக்கப் பள்ளியில் ஆண்டுக்குப் பத்துப் பதினைந்துக்கு மேல் தேவையே இல்லை என்பது என் முடிவு. எந்தப் பத்து என்பதில்தான் ஆசிரியரின் திறமை இருக்கிறது.

முதலில் உடம்பிலிருந்து தொடங்குங்கள். கண், காது, கை, மூக்கு எல்லாருக்கும் ஒன்றுதான், அதனால் இரண்டு மொழியும் அங்கே கைகோத்துக்கொள்கின்றன. "காது கொடுத்துக் கேள்" என்கிறோம். "லெண்ட் மி யுவர் இயர்" என்கிறார்கள். அடுத்தவன் விஷயத்தில் மூக்கை நுழைக்காதே என்பது ஏறத்தாழ அப்படியே ஆங்கிலத்திலும் இருக்கிறது. கை கொடு என்பதற்கு "கிவ் மி எ ஹேண்ட்." என் வகுப்பில் முதலில் ஊன்றியது இதுதான். மழை வந்தால் வராந்தா பெஞ்சை உள்ளே தூக்கிப் போட வேண்டும். தூக்குகிறவன் "கிவ் மி எ ஹேண்ட்" என்று கத்தினால் ஒழிய யாரும் பிடிக்கக் கூடாது என்று விதி வைத்தேன். மூன்று மழைக்குள் வகுப்பு முழுக்க அதைச் சொல்லப் பழகிவிட்டது. சத்துணவு வரிசையில்கூட அந்தத் தொடர் கேட்கத் தொடங்கியது.

"கீப் அன் ஐ ஆன் மை பேக்" என்பதைச் சொல்லிக் கொடுத்த நாள் இன்னும் சுவையானது. என் பையைப் பார்த்துக்கொள், ஒரு கண் வைத்துக்கொள் என்று பொருள் சொன்னேன். ஒரு சிறுமி பதறிவிட்டாள். "கண்ணு வெச்சா வயித்த வலிக்கும் டீச்சர், எங்க ஆயா சுத்திப் போடும்." அப்போதுதான் எனக்கே உறைத்தது. "ஒரு கண் வை" என்றால் காவல். "கண் வை" என்றால் கண்ணேறு. நடுவில் இருப்பது "ஒரு" என்ற ஒற்றைச் சொல். அதையே பாடமாக்கினேன். ஆங்கிலத்தில் அந்த "அன்" விழுந்துவிடக் கூடாது என்று சொல்ல வேறு விளக்கம் எனக்கு வேண்டியிருக்கவில்லை. "அன்" எங்கே வரும், "எ" எங்கே வரும் என்று வாரக்கணக்கில் பயிற்சித்தாளில் திணறிய பிள்ளைகள், இந்த ஒரு தொடரில் அதை விட்டதே இல்லை.

அடுத்தது கதை. ஈசாப்புக் கதைகள் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். நரி எட்டாத திராட்சையைச் "சீச்சீ, புளிக்கும்" என்று சொன்னதை மூன்று வயதிலேயே கேட்டிருக்கிறார்கள். அதுதான் "சவர் கிரேப்ஸ்." ஆங்கிலத்தில் ஓநாய் வருகிறது என்று பொய்க்கூச்சல் போட்ட இடையன், நம்மிடம் புலி வருது புலி வருது என்று கூவியிருக்கிறான். அதனால் "கிரை உல்ஃப்" என்ற தொடருக்கு உள்ளே நுழையக் கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பதை ஆங்கிலத்தில் ஒரே கல்லில் இரண்டு பறவை என்கிறார்கள். "பாவம் டீச்சர், மாங்காயே அடிச்சிருக்கலாம்" என்றாள் ஒருத்தி. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்க விடுங்கள். நாமே முந்திக்கொண்டு சொன்னால் பாதி இன்பம் போய்விடும்.

ஆனால் ஓர் இடத்தில் நாம் முந்திக்கொள்ளத்தான் வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்து பொருளில் ஏமாற்றுகிற தொடர்கள் உண்டு. "புல்லிங் மை லெக்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பிள்ளை காதில் அது "காலை வாருகிறாய்" என்று விழும். காலை வாருவது நம் ஊரில் துரோகம். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது. ஆங்கிலத்தில் அது வெறும் கேலி, நட்பான விளையாட்டு. இந்தப் பிள்ளை நாளைக்குக் கல்லூரியில் வெளியூர் நண்பனிடம் பழகும்போது, அவன் சிரித்துக்கொண்டே "ஐ வாஸ் புல்லிங் யுவர் லெக்" என்றால் இவன் மனம் முறிந்துபோகும். இதைப் படமாகப் போட்டுக் காட்டினால் மறக்காது. ஒரு பக்கம் ஓட்டப்பந்தயத்தில் காலை வாரிவிடுகிறவன். இன்னொரு பக்கம், "உன் முதுகுல பல்லி" என்று பொய் சொல்லிச் சிரிக்கிற தோழி. இவற்றில் ஆங்கிலம் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். இதுபோன்ற தொடர்களுக்கு ஒரு முழு வகுப்பைச் செலவிட்டாலும் தகும். ஒத்துப்போகிற பத்தைவிட ஒத்துப்போகாத இந்த ஒன்று பிள்ளையை அதிகம் காப்பாற்றும்.

ஒன்றோடொன்று உறவே இல்லாத தொடர்களும் இருக்கின்றன. அவற்றை ஐந்தாம் வகுப்பு வரை தள்ளிப்போடலாம். எப்போதாவது நடப்பதை "ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்" என்பார்கள். நாம் அத்தி பூத்தாற்போல் என்போம். பொருள் ஒன்று, படம் வேறு. எங்கள் பள்ளிக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் நாட்டு அத்தி மரம் ஒன்று நின்றது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், "இதுல பூ எங்க?" என்று கேட்டேன். அடிமரத்தில் கொத்துக் கொத்தாகக் காய் இருந்தது, பூ ஒன்றும் கண்ணில் படவில்லை. ஒரு காயைப் பறித்துப் பிளேடால் இரண்டாகப் பிளந்தேன். உள்ளே சுவர் முழுக்க மணல் பரப்பியதுபோல் பூக்கள், ஊசி முனை அளவில். பொடிப்பூச்சிகள் இரண்டு பறந்து போயின. அத்தி பூக்காத மரம் இல்லை, பூவைக் காய்க்குள் ஒளித்து வைக்கிற மரம் என்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. வகுப்புக்குத் திரும்பி நாட்காட்டியை எடுத்தோம். ஒரே ஆங்கில மாதத்தில் இரண்டு பௌர்ணமி வந்தால் இரண்டாவதை ப்ளூ மூன் என்கிறார்கள். 19 ஆண்டில் ஏறக்குறைய ஏழு முறை அப்படி வரும். 2023 ஆகஸ்டில் வந்ததை உங்களில் பலர் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். நிலா நீலமாகத் தெரிவதில்லை, பெயர்தான் நீலம். பூ இருந்தும் கண்ணில் படாத அத்தியையும், நீலம் இல்லாமலே நீலம் என்று பெயர்பெற்ற நிலாவையும் பக்கத்துப் பக்கத்தில் வரைந்து வைத்துக்கொண்டார்கள்.

தொடரின் படத்தையும் பிறப்பையும் யோசிக்க விட்டால் நினைவில் நிற்கிறது என்பது நான் கண்ணால் கண்டது. பெல்ஜிய மொழியியலாளர் ஃபிராங்க் போர்ஸ் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வுகளும் அதையே காட்டுகின்றன. பிறப்பை யோசிக்கவைத்தால் போதும், இட்டுக்கட்டிச் சொல்லாதீர்கள் என்பது என் வேண்டுகோள். இதைச் சொல்லக் காரணம் "ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்." பேருந்தில் விற்கிற ஆங்கிலக் கையேடு முதல் பள்ளிச் சுவர் வரை முதல் இடம் அதற்குத்தான். கூரையில் படுத்திருந்த நாயும் பூனையும் மழையில் வழுக்கி விழுந்ததால் வந்தது என்று ஒரு கதையும் கூடவே வரும். அந்தக் கதைக்கு ஆதாரம் கிடையாது. ஜோனதன் ஸ்விஃப்ட் 1738இல் வெளியிட்ட நூலில், மேட்டுக்குடியினர் அரைத்த மாவையே அரைக்கும் பேச்சைக் கேலி செய்யும் இடத்தில், அந்தத் தொடர் வருகிறது. அப்போதே தேய்ந்துபோன தொடர். பெருமழையைச் சொல்ல ஆங்கிலேயர் அன்றாடம் அதையா பயன்படுத்துகிறார்கள்? "இட்ஸ் போரிங்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார்கள், நாம் "கொட்டுது" என்பதுபோல. நாயையும் பூனையையும் என் வகுப்பிலிருந்து நான் விரட்டிவிட்டேன். நீங்களும் விரட்டிவிடலாம், ஒன்றும் குறைந்துபோகாது.

அந்த இடத்தில் எதை வைப்பது என்று கேட்டால், "லுக் ஆஃப்டர்", "கிவ் அப்", "ரன் அவுட்", "கெட் அலாங்" போன்ற சின்னஞ்சிறு தொடர்களை வைக்கச் சொல்வேன். இவையும் மரபுத்தொடர்களே. "லுக்" தெரியும், "ஆஃப்டர்" தெரியும், இரண்டும் சேர்ந்தால் பராமரிப்பது என்று யாருக்குத் தெரியும்? இவற்றில் வேடிக்கை இல்லாததால் சார்ட்டில் ஏறுவதில்லை. ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர் வாயில் பத்து நிமிடத்துக்கு ஒன்று வரும். "ஹூ லுக்ஸ் ஆஃப்டர் யுவர் கோட்ஸ்?" என்று ஆடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளையிடம் கேளுங்கள். அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் சொல்ல விஷயம் இருக்கிறது.

உங்கள் மறுப்புகளை நான் அறிவேன். நானும் அதே குறுவள மையக் கூட்டங்களில் உட்கார்ந்திருந்தவள்தான். "எழுத்துக் கூட்டவே வராத பிள்ளைக்கு மரபுத்தொடரா?" என்பார்கள். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தோம். அரும்பு நிலைப் பிள்ளை எழுத்தில்தான் பின்தங்கியிருக்கிறது, காதில் பின்தங்கவில்லை. தாய்மொழியின் மரபுத்தொடர்களையெல்லாம் அது காதால்தானே கற்றது? எழுத வராத பிள்ளை பெஞ்சைத் தூக்கும்போது "கிவ் மி எ ஹேண்ட்" என்று முதல் ஆளாகக் கத்தியதை நான் கேட்டிருக்கிறேன். அன்று அது மலர் நிலைப் பிள்ளைக்குச் சமமாக ஆங்கிலம் பேசியது. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் ஆங்கிலம் எப்படி வரும்?" என்பது இன்னொன்று. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்த பிறகு இந்தக் குரல் பலத்திருக்கிறது. பெற்றோரும் அதையே விரும்புகிறார்கள். அவர்கள் ஆசையில் குற்றம் இல்லை. ஆனால் மரபுத்தொடர் பாடத்தில் தமிழை வெளியே நிறுத்துவது, கிணற்றை மூடிவிட்டுத் தண்ணீருக்கு அலைவதுபோல. "அத்தி பூத்தாற்போல்" தெரிந்த பிள்ளைக்கு ப்ளூ மூன் ஒரு நிமிட வேலை. தெரியாத பிள்ளைக்கு இரண்டும் இல்லை. ஆங்கில வழிப் பிரிவில் படிக்கும் பல பிள்ளைகளுக்கு இன்று மண்டையைப் போடுவதற்கும் காலமாவதற்கும் உள்ள தூரம் மங்கி வருகிறது என்பது என் கவலை. தமிழில் அந்த நுட்பத்தை இழந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் அதைக் கொடுக்க எந்த ஆசிரியராலும் முடியாது.

"தேர்வில் பொருத்துக என்றுதானே கேட்கிறார்கள்?" கேட்கட்டும். பேசிப் பழகிய தொடரைப் பிள்ளை பொருத்திவிடும். பொருத்திப் பழகிய தொடரைப் பேசாது. இத்தாலியில் லெவராட்டோ, காச்சாரி என்ற இரு உளவியலாளர்கள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு நடத்திய ஆய்வை 1989இல் வெளியிட்டார்கள். மரபுத்தொடரைத் தனியே நீட்டினால் சிறு பிள்ளைகள் நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்கிறார்கள், ஒரு கதைக்குள் வைத்துச் சொன்னால் மறைபொருளைப் பிடித்துவிடுகிறார்கள் என்று அதில் தெரிந்தது. தாய்மொழியிலேயே அந்த நிலை என்றால், வேற்றுமொழித் தொடரைக் கதையும் இல்லாமல் ஆளும் இல்லாமல் கோடு போட்ட கட்டத்துக்குள் வைத்து நீட்டுவது எவ்வளவு பெரிய அநியாயம்?

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மறுநாள் அவனைத் தனியே அழைத்து, "நீ நேத்து சொன்னது தப்பில்ல, டீச்சர் சொல்லிக் கொடுத்ததுதான் தப்பு" என்றேன். "பாஸ்டு அவே" என்பதைச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். "தவறிட்டாங்க மாதிரியா டீச்சர்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "அப்ப நேத்து சொன்னது?" என்றான். அது எந்த மாதிரி என்று தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு இடத்துக்குப் போனான். அதற்குப் பிறகு அவன் எந்தப் புதிய தொடரைக் கேட்டாலும், அதன் பொருளைக் கேட்பதற்கு முன்னால் "இத யாருகிட்ட சொல்லலாம் டீச்சர்?" என்றுதான் கேட்பான்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். சுவரில் அந்த இருபது வரிச் சார்ட் தொங்கினால், இந்த வாரம் அதைக் கழற்றி மடித்து வையுங்கள். ஒரு முழு வகுப்புநேரம் ஆங்கிலத்தை எடுக்காமல், பிள்ளைகள் வீட்டில் கேட்கிற மரபுத்தொடர்களைச் சொல்லச் சொல்லுங்கள். ஆயா சொன்னது, மாமன் சொன்னது, டீக்கடையில் கேட்டது எல்லாம் வரட்டும். எழுதிக்கொள்ளுங்கள். அவற்றில் எதற்கு ஆங்கிலத்தில் நேரான இணை உண்டு, எது ஏமாற்றும், எது அங்கே இல்லவே இல்லை என்று உட்கார்ந்து பாருங்கள். அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு அந்தத் தாளைக் கொண்டுபோய் மற்ற ஆசிரியர்கள் முன் வையுங்கள். பக்கத்து ஒன்றியத்துப் பிள்ளைகள் சொன்னதும் சேர்ந்தால், நம் பிள்ளைகளுக்கான முதல் ஆங்கில மரபுத்தொடர்ப் பாடம் அந்த மேசையிலேயே கிடைத்துவிடும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருத்தி